277 கன்டெய்னர்கள்: தான்சானியாவின் தங்கக் கணக்கு

2017 மார்ச் தொடக்கத்தில் தான்சானிய அரசு ஓர் உத்தரவு போட்டது. தங்கமும் செம்பும் கலந்த தாதுத்தூள் இனிமேல் கப்பல் ஏறக் கூடாது. அப்போது தார் எஸ் சலாம் துறைமுகத்தில் 277 கன்டெய்னர்கள் ஏற்றுமதிக்குக் காத்திருந்தன. அத்தனையும் அக்காசியா மைனிங் நிறுவனத்தின் சரக்கு. லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட அந்த நிறுவனத்தில் கனடாவின் பேரிக் கோல்டுக்குச் சுமார் 64 சதவீதப் பங்கு இருந்தது. சில மாதங்களுக்குள் அந்தப் பெட்டிகளால் ஓர் அமைச்சரின் பதவி போனது, மூன்று புதிய சட்டங்கள் வந்தன. மூன்று ஆண்டுகளுக்குள் அக்காசியா என்ற நிறுவனமே இல்லாமல் போனது.

வெளிநாட்டுக் கம்பெனி ஏழை நாட்டைச் சுரண்டியது என்று இந்தக் கதையைச் சொல்லிவிடலாம். வீம்பு பிடித்த அதிபர் முதலீட்டாளர்களை விரட்டினார் என்றும் சொல்லலாம். இரண்டு விதமாகவும் நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே பாதியில் நின்றுவிடுகின்றன. தான்சானியா இழந்த பணத்தில் பெரும்பகுதி அந்தப் பெட்டிகள் வழியாகப் போகவில்லை என்பது என் கணிப்பு. அது 1998-இல் நாட்டின் நாடாளுமன்றமே நிறைவேற்றிய சட்டத்தின் வழியாக, முறைப்படி வெளியே போனது. பெட்டிகளைப் பிடித்து வைத்ததால் அந்தச் சட்டத்தை மாற்றும் பலம் அரசுக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு வந்த வளர்ச்சிக்கான பாராட்டில் ஒரு நல்ல பங்கு, 2019-இல் செய்யப்பட்ட ஒரு சாதாரண வரிச் சலுகைக்குப் போய்ச் சேர வேண்டும்.

கப்பல் ஏறிய கருந்தூள்

சுரங்கத் தங்கம் என்றதும் நமக்கு மஞ்சள் கட்டிதான் நினைவுக்கு வரும். ஆங்கிலோகோல்டு அஷாந்தி நடத்தும் கெய்ட்டா சுரங்கத்தில் அப்படித்தான். பாறையை அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து எடுத்து, உருக்கி, டோரே எனப்படும் கட்டியாக வார்க்கிறார்கள். சுத்தமாகாத தங்கம்தான், ஆனாலும் கண்ணுக்குத் தெரியும், தராசில் வைக்கலாம்.

அக்காசியாவின் புல்யான்ஹுலு, புஸ்வாகி சுரங்கங்களில் விஷயம் வேறு. அங்கே தங்கத்தின் ஒரு பகுதி செம்புக் கனிமத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. சயனைடு அதைச் சுலபமாகப் பிரிக்காது. அதனால் அரைத்த பாறையை நுரைத்தொட்டியில் மிதக்கவிட்டு, செம்பும் தங்கமும் வெள்ளியும் சேர்ந்த கருஞ்சாம்பல் தூளைத் தனியாக எடுக்கிறார்கள். தொழிலில் இதற்கு கான்சென்ட்ரேட் என்று பெயர். தான்சானியாவில் மகினிகியா என்கிறார்கள். 2017-இன் சண்டையையே அங்கே மகினிகியா விவகாரம் என்றுதான் பேசினார்கள். இந்தத் தூளை உருக்குவதற்குச் செம்பு உருக்காலை வேண்டும். தான்சானியாவில் அது இல்லை. ஆகவே பெட்டிக்கு ஏறத்தாழ 20 டன் என்று அடைத்து, சீல் வைத்து, வெளிநாட்டு உருக்காலைகளுக்கு அனுப்பினார்கள். அக்காசியாவின் மொத்த வருவாயில் சுமார் 30 சதவீதம் இந்தத் தூளில்தான் வந்தது.

சந்தேகம் முளைக்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் பூட்டிய பெட்டிகள் லாரியில் துறைமுகம் போவதைப் பார்த்த மக்களுக்கு, அந்தச் சுரங்கங்கள் நட்டத்தில் ஓடுவதாகவும் வருமான வரி கட்டவில்லை என்றும் செய்தி வந்துகொண்டிருந்தது.

1998: கூப்பிட்டுக் கொடுத்த சலுகை

ஏன் வரி இல்லை? இதற்குப் பதில் தேட இருபது ஆண்டு பின்னால் போக வேண்டும்.

முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே காலத்துச் சோஷலிசத் தான்சானியாவில் தங்கச் சுரங்கத் தொழில் கிட்டத்தட்டத் தூங்கிப்போனது. கெய்ட்டாவின் பழைய சுரங்கம் 1966-இல் மூடப்பட்டது. 1990-களில் நாடு கடனில் தவித்தபோது, உலக வங்கியின் ஆலோசனையோடு ஆப்பிரிக்கா முழுவதும் நடந்த சுரங்கச் சீர்திருத்தங்களில் தான்சானியாவும் சேர்ந்துகொண்டது. 1997-இல் கனிமக் கொள்கை, 1998-இல் சுரங்கச் சட்டம். எடுக்கும் கனிமத்துக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டி வெறும் 3 சதவீதம். அதுவும் முழு விற்பனை மதிப்பின் மீது கிடையாது; உருக்குவதற்கும் அனுப்புவதற்கும் ஆகும் செலவைக் கழித்த பிறகுதான். இயந்திர இறக்குமதிக்குத் தீர்வை விலக்கு. போட்ட மூலதனம் முழுவதையும் உடனே செலவாகக் கழித்துக்கொள்ளலாம். கழித்துத் தீராத மூலதனத்தின் மீது ஆண்டுதோறும் 15 சதவீதம் கூடுதல் கழிவு வேறு. இதையெல்லாம் பின்னால் வரும் அரசு மாற்றிவிடாதபடி ஒவ்வொரு நிறுவனத்தோடும் தனி ஒப்பந்தம். உள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டாலர், அவ்வளவுதான்.

அன்றைய நிலையையும் பார்க்க வேண்டும். 1999-இல் தங்கம் அவுன்ஸுக்கு 252 டாலர் வரை விழுந்தது. அந்த விலைக்குச் சாலையும் மின்சாரமும் சரியாக இல்லாத விக்டோரியா ஏரிக் கரைக்கு யாரும் சும்மா வர மாட்டார்கள். வந்தார்கள்: 1998-இல் கோல்டன் பிரைடு, 2000-இல் கெய்ட்டா, 2001-இல் புல்யான்ஹுலு, 2002-இல் நார்த் மாரா. சலுகை அதன் வேலையைச் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும். குறை வேறு இடத்தில் இருந்தது. விலை ஏறினால் அரசின் பங்கும் ஏறும்படி அந்தச் சட்டத்தில் எதுவுமே இல்லை. 2011-இல் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்டபோதும், கூடுதல் மூலதனம் போடப் போட, கழிவு மேல் கழிவாக வரிக்குரிய லாபம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. இதில் திருட்டு எதுவும் வேண்டியதில்லை. கணக்காளர் சட்டப்படி வேலை செய்தாலே போதும்.

இது முன்பே தெரியாத ரகசியமும் கிடையாது. 2007 பிப்ரவரியில் புஸ்வாகி ஒப்பந்தத்தில் அன்றைய அமைச்சர் லண்டனில் வைத்துக் கையெழுத்திட்டார். அதை நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்ட இளம் உறுப்பினர் ஸிட்டோ கப்வே சஸ்பெண்ட் செய்யப்பட்டார். ஊர் ஊராக அவருக்குக் கூட்டம் கூடியது. சில மாதங்களில் அதிபர் கிக்வெட்டே, நீதிபதி மார்க் போமானி தலைமையில் ஒரு குழு அமைத்து, அதே கப்வேயை அதில் உறுப்பினராகவும் போட்டார். 2010-இல் புதிய சட்டம் வந்தது. ராயல்டி 4 சதவீதமானது, முழு மதிப்பின் மீது கணக்கிடப்பட்டது. ஆனால் பழைய ஒப்பந்தங்கள் பழையபடியே நின்றன.

உண்மையிலேயே முகம் சுளிக்க வேண்டிய விஷயம் 2016-இல் வெளிவந்தது. அக்காசியா (அப்போது அதன் பெயர் ஆப்பிரிக்கன் பேரிக் கோல்டு) 2010 முதல் 2013 வரை பங்குதாரர்களுக்கு 40 கோடி டாலருக்கு மேல் டிவிடெண்ட் கொடுத்திருந்தது. அதன் வருமானம் எல்லாம் தான்சானியச் சுரங்கங்களிலிருந்து வந்தது. அந்தச் சுரங்கங்களோ தான்சானியாவில் நட்டக் கணக்கு காட்டின. லண்டன் தாய் நிறுவனமும் தான்சானியாவில் வரி கட்ட வேண்டிய நிறுவனமே, டிவிடெண்டில் வரி பிடித்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு வரித் தீர்ப்பாயம் சொன்னது. நம்மூர் டிடிஎஸ் மாதிரியான பிடித்தம் அது. தொகை 4.1 கோடி டாலர். எண் சின்னதுதான். ஆனால் ஓரிடத்தில் நட்டமும் இன்னோரிடத்தில் டிவிடெண்டும் ஒரே பணத்திலிருந்து எப்படி வரும் என்ற கேள்வி மக்கள் மனதில் ஊன்றிவிட்டது. ஜான் மகுஃபுலி 2015 நவம்பரில் அதிபரானபோது வெடிமருந்து ஏற்கெனவே காய்ந்துதான் இருந்தது.

இரண்டு குழுக்கள், ஒரு பிரம்மாண்ட எண்

தடை வந்த பிறகு, பேராசிரியர் அப்துல்கரீம் முருமா தலைமையில் நிபுணர் குழு பெட்டிகளைத் திறந்து மாதிரி எடுத்தது. 2017 மே 24-இல் அதிபர் மாளிகையிலிருந்து நேரலையில் முடிவைச் சொன்னார்கள். பெட்டிக்குச் சராசரி 28 கிலோ தங்கம். 277 பெட்டியில் 7.8 டன். ஏற்றுமதி ஆவணங்களில் இருந்தது பெட்டிக்கு 4 கிலோ, மொத்தம் 1.1 டன். அன்றே சுரங்க அமைச்சர் சொஸ்பீட்டர் முஹோங்கோ பதவி இழந்தார். பெட்டிகளைச் சோதித்து வந்தது அரசின் சொந்தக் கனிமத் தணிக்கை முகமை. அதன் தலைமையும் கூண்டோடு தூக்கப்பட்டது.

ஜூன் 12-இல் பேராசிரியர் நெஹெமியா ஒசோரோ தலைமையிலான இரண்டாம் குழு. 1998 முதல் நாடு இழந்தது அதிகபட்சம் 108 லட்சம் கோடி ஷில்லிங் என்றது. அக்காசியா நாட்டில் முறையாகப் பதிவே செய்யப்படவில்லை என்றது. ஜூலையில் வரி நோட்டீஸ் போனது: 19,000 கோடி டாலர். அதில் 4,000 கோடி வரி, மீதி 15,000 கோடி வட்டியும் அபராதமும்.

இந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். தான்சானியாவின் அன்றைய ஆண்டு மொத்த உற்பத்தி 5,000 கோடி டாலருக்குச் சற்று மேல். அக்காசியாவின் 2016 விற்பனை வருவாய் சுமார் 105 கோடி டாலர். ஒரு பைசா செலவு செய்யாமல் வந்ததை எல்லாம் அப்படியே கட்டினாலும் 180 ஆண்டு ஆகும்.

7.8 டன் கணக்கும் நிற்காது என்றே நினைக்கிறேன். தாதுத்தூள் வியாபாரத்தில் விற்பவரும் வாங்குபவரும் தனித்தனியாக மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆய்வகம். தங்கம் உண்மையிலேயே ஏழு மடங்கு இருந்திருந்தால், பல நாடுகளில் உள்ள உருக்காலைகள் எல்லாம் கூட்டுச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் மறைத்திருக்க வேண்டும். குழு சொல்வது சரி என்றால் புல்யான்ஹுலுவும் புஸ்வாகியும் உலகின் மிகப் பெரிய இரண்டு தங்கச் சுரங்கங்கள் ஆகிவிடும் என்று நிறுவனம் பதில் சொன்னது. 2016-இல் அக்காசியா இந்த இரண்டோடு நார்த் மாராவும் சேர்ந்த தன் மூன்று சுரங்கங்களிலும் எடுத்ததே சுமார் 26 டன்தான். குழுவின் முழு அறிக்கை மக்கள் பார்வைக்கு வரவில்லை, சுருக்கம் மட்டுமே வந்தது. வேறொரு சுதந்திரமான ஆய்வகத்தில் அந்தப் பெட்டிகளைத் திரும்பச் சோதித்து முடிவை வெளியிட்டிருந்தால் ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும் வழக்கு இது. சுதந்திரமான சோதனை வேண்டும் என்று அக்காசியா கேட்டது; அப்படி ஒரு முடிவு கடைசி வரை வெளிவரவில்லை. அரசுக்கு அது தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. எண் சரியா தப்பா என்பதைவிட, எதிராளி எழுந்து வந்து உட்காருவதுதான் அப்போது முக்கியம். வந்தார்கள். இரண்டாம் அறிக்கை வந்த இரண்டே நாளில் பேரிக்கின் தலைவர் ஜான் தார்ன்டன் தனி விமானத்தில் தார் எஸ் சலாம் வந்து மகுஃபுலியைச் சந்தித்தார். அக்காசியாவை அந்த மேசைக்கே கூப்பிடவில்லை.

பேரத்தில் கிடைத்தது

அதே ஜூலையில் மூன்று மசோதாக்கள் அவசரமாக நிறைவேறின. இயற்கை வளத்தின் மீது நாட்டுக்கே இறையுரிமை, அது தொடர்பான வழக்குகள் வெளிநாட்டு மன்றங்களுக்குப் போகக் கூடாது. அநியாயமான விதிகள் உள்ள பழைய ஒப்பந்தங்களை நாடாளுமன்றம் மறுபரிசீலிக்கலாம். தங்க ராயல்டி 6 சதவீதம், கூடவே 1 சதவீத ஆய்வுக் கட்டணம். ஒவ்வொரு பெரிய சுரங்கத்திலும் பணம் போடாமலே அரசுக்குக் குறைந்தது 16 சதவீதப் பங்கு.

பேரிக்கோடு பேசி முடிக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்குள் தூளை விற்க முடியாத புல்யான்ஹுலு சுரங்கம் 2017 செப்டம்பரில் உற்பத்தியைச் சுருக்கியது. ஏறத்தாழ 2,000 பேருக்கு வேலை போகும் நிலை. அக்காசியா பங்கு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. 2019 செப்டம்பரில் பேரிக் மீதிப் பங்குகளை மலிவாக வாங்கி அக்காசியாவைத் தனக்குள் இழுத்துக்கொண்டது. சிறு பங்குதாரர்கள் பார்வையில், சண்டையில் ஜெயித்தவர்கள் பட்டியலில் பேரிக்கும் உண்டு.

2020 ஜனவரி 24-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பழைய பாக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 கோடி டாலர்: உடனே 10 கோடி, பிறகு ஆண்டுக்கு 4 கோடியாக ஐந்து தவணை. 19,000 கோடி கேட்டு 30 கோடிக்கு முடிந்த பேரம். நம்மூர் மாட்டுச் சந்தையில்கூட இவ்வளவு இறங்க மாட்டார்கள். ட்விகா மினரல்ஸ் என்ற கூட்டு நிறுவனம் பிறந்தது. மூன்று சுரங்கங்களிலும் அரசுக்கு 16 சதவீதம். இதையெல்லாம்விட முக்கியமான விதி, சுரங்கத்தின் ஆயுள் முழுவதும் வரும் பொருளாதாரப் பயனை அரசும் பேரிக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது. ராயல்டி, வரி, கட்டணம், 16 சதவீதத்தின் டிவிடெண்ட் எல்லாம் சேர்ந்துதான் அரசின் பாதி.

30 கோடியைப் பார்த்துச் சிரித்தவர்கள் இந்த விதியைக் கவனிக்கவில்லை. 1998 சட்டத்தில் இல்லாமல் போனது இதுதான். விலை ஏறி, செலவு ஏறாமல் இருந்தால், அரசின் பங்கும் தானாக ஏறும். அதேசமயம் மறுபக்கமும் உண்டு: பங்குதாரர் ஆனதால் விலை விழுந்தால் அரசும் விழும். டிவிடெண்ட் லாபம் வந்த பிறகு வருவது; ராயல்டி ஒவ்வொரு அவுன்ஸுக்கும் வருவது. ஆகவே 16 சதவீதம் என்ற பெயர்ப்பலகையைவிட 6 சதவீத ராயல்டிதான் கருவூலத்துக்கு உறுதியான காசு. மேடையில் முன்னதுக்குக் கைதட்டல் அதிகம், அது வேறு விஷயம்.

காலமும் கொஞ்சம் விளையாடியது. மூன்று சுரங்கங்களில் ஒன்றான புஸ்வாகி, ஒப்பந்தம் ஆன அடுத்த ஆண்டே, 2021-இல், தாது தீர்ந்து மூடப்பட்டது. பாதிப் பாதி பங்கு அந்தச் சுரங்கத்துக்கு ஓராண்டு சொச்சம்தான் பயன்பட்டது. கெய்ட்டாவுக்கோ ஏற்றுமதித் தடையால் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அங்கே தூளே கிடையாது.

கவனிக்கப்படாத பக்கம்

தான்சானியாவில் தங்கம் தோண்டுகிறவர்களில் பெரும்பாலானோர் இந்தப் பெரிய கம்பெனிகளில் வேலை பார்க்கவில்லை. லட்சக்கணக்கான சிறு சுரங்கக்காரர்கள் சம்மட்டியும் உளியுமாக, குறுகிய கிணறு போன்ற குழிகளில் இறங்கி, பாறையை அரைத்து, பாதரசத்தில் தங்கத்தைப் பிடித்து, அதைத் தீயில் காட்டிப் பாதரசத்தைப் புகையாக விரட்டுகிறார்கள். அந்தப் புகை நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும். குடும்பம் முழுக்க அடுப்படி அருகில் அதைச் சுவாசிக்கிறது. இவர்கள் எடுக்கும் தங்கம் பெரும்பாலும் தரகர் கையில் விழுந்து, எல்லை தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. காரணம் எளிது: முறையாக விற்றால் 18 சதவீத மதிப்புக்கூட்டு வரி, 5 சதவீதப் பிடித்தம், அதற்கு மேல் ராயல்டியும் கட்டணமும். கால்வாசிக்கு மேல் வரிக்கே போனால் எவன் கடை வாசலுக்கு வருவான்?

2019 ஜனவரியில் மகுஃபுலி சிறு சுரங்கக்காரர்களைத் தார் எஸ் சலாமுக்கு வரவழைத்துப் பேசினார். சில வாரங்களில் அந்த 18-ம் 5-ம் ரத்தாயின. மார்ச்சில் கெய்ட்டாவில் முதல் கனிமச் சந்தை திறந்தது. ஒரே கூரையின் கீழ் உரிமம் பெற்ற வாங்குபவர்கள், அரசுத் தராசு, தரம் பார்க்கும் கருவி, பணம் வாங்க வங்கிக் கவுன்ட்டர். அப்போது விற்பவர் கட்ட வேண்டியிருந்தது 6 சதவீத ராயல்டி, 1 சதவீத ஆய்வுக் கட்டணம், 0.3 சதவீத உள்ளாட்சி வரி: மொத்தம் 7.3. பிறகு நாடு முழுவதும் இப்படி 40-க்கும் மேற்பட்ட சந்தைகள் வந்தன.

மறைந்து போன தங்கம் கணக்குக்குள் வர ஆரம்பித்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் சுரங்கத் துறையின் பங்கு 2017, 2018 வாக்கில் சுமார் 5 சதவீதம். 2024-இல் 10 சதவீதத்தைத் தாண்டியது. கோவிட் காலத்தில் சுற்றுலா படுத்தபோது அந்நியச் செலாவணியைத் தாங்கிப் பிடித்தது தங்கம்தான். 2020-இல் ஏற்றுமதி 300 கோடி டாலரை நெருங்கியது. இந்த உயர்வு முழுவதையும் சீர்திருத்தத்தின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. 2017-இல் 1,250 டாலராக இருந்த அவுன்ஸ் 2024-இல் சராசரியாக 2,300-க்கு மேல். உக்ரைன் போருக்குப் பிறகு நிலக்கரி ஏற்றுமதியும் துறையைத் தூக்கியது. ஆனாலும் விலை ஏறும்போது ஏறிய தங்கம் கள்ளத்தனமாகப் போகாமல் சந்தைக்கு வந்ததே, அதற்கு அந்த வரி ரத்தும் தராசும்தான் காரணம். டாலர் கணக்கில் இதற்கு அரசுக்கு ஆன செலவு, பேரிக் சண்டையின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

ஓர் அளவுகோல் சொல்லிவிடுகிறேன். தான்சானியா ஆண்டுக்கு எடுக்கும் தங்கம் 50 டன்னுக்கு முன்னே பின்னே. இந்தியா ஓராண்டில் இறக்குமதி செய்வது 700, 800 டன். நம் இறக்குமதிக் கணக்கில் ஒரு மூலையில் அடங்கிவிடும் தங்கத்தின் மீது அங்கே 6 கோடிக்கு மேல் மக்கள் உள்ள ஒரு நாட்டின் செலாவணி நிற்கிறது.

பில் வந்தது

2017 சட்டங்களின் கூடவே, சுரங்க ஆய்வு நிறுவனங்கள் கையில் வைத்திருந்த ஒருவகை உரிமங்களையும் அரசு ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது. அதைப் பெரிய செய்தியாக அன்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சின்னக் கம்பெனிகள் சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போயின. 2023-இல் நிக்கல் உரிமம் வைத்திருந்த இண்டியானா ரிசோர்சஸுக்கு 10 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பானது. கடைசியில் 9 கோடிக்குச் சமரசம். வின்ஷியர் கோல்டுக்கு 3 கோடி. மான்டெரோவுக்கு 2.7 கோடி. கூட்டினால் ஏறத்தாழ 14.7 கோடி டாலர். பேரிக்கிடம் பாடுபட்டு வாங்கிய 30 கோடியில் கிட்டத்தட்டப் பாதி, ஒரு தங்கத் துளிகூட எடுக்காத உரிமங்களுக்காகத் திரும்பிப் போனது. இறையுரிமைச் சட்டம் வழக்கு உள்நாட்டில்தான் நடக்க வேண்டும் என்றது. முன்பே கையெழுத்திட்ட முதலீட்டு உடன்படிக்கைகள் வேறு மாதிரி சொல்லியிருந்தன.

நார்த் மாராவின் பில் பணத்தில் வருவது இல்லை. பழைய குழிகளில் பிழைத்த ஊர்க்காரர்கள் வேலிக்குள் ஏறிக் குதித்துக் கழிவுப் பாறையில் தங்கம் பொறுக்குவார்கள். காவலுக்கு இருக்கும் போலீஸ் சுடும். 2011 மே மாதத்தில் ஒரே நாளில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் லண்டன் நீதிமன்றம் வரை போய், 2015-இல் நிறுவனத்தோடு சமரசம் ஆனது. பிறகு வேறு சிலர் கனடாவின் ஒன்டாரியோவில் பேரிக் மீது வழக்குப் போட்டார்கள். 2024-இல் அந்த நீதிமன்றம் இது எங்கள் எல்லைக்குள் வராது என்று தள்ளியது. போலீஸ் அரசுடையது, எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பது நிறுவனத்தின் பதில். இப்போது அதே அரசு அந்தச் சுரங்கத்தின் 16 சதவீத உரிமையாளரும்கூட. லாபத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்க இத்தனை பக்கம் எழுதியவர்கள் இந்த வேலி விஷயத்தில் பொறுப்பை எப்படிப் பிரிப்பது என்று எழுதவே இல்லை.

மகுஃபுலி 2021 மார்ச்சில் இறந்தார். அடுத்து வந்த சாமியா சுலுஹு ஹசன் குரலைத் தணித்தார், சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டார். முதலீட்டாளர்களும் பழகிக்கொண்டார்கள் என்று தெரிகிறது: ஆஸ்திரேலியாவின் பெர்சியஸ் நிறுவனம் 2025-இல் ஏரிக் கரையிலுள்ள நியான்சாகா சுரங்கத்தில் 50 கோடி டாலருக்கு மேல் போட முடிவெடுத்தது, அரசுக்கும் ஒரு பங்கோடு. முவான்சாவில் அரசுக் கூட்டில் தங்கச் சுத்திகரிப்பு ஆலை 2021-இல் திறந்தது. டோரே கட்டியைச் சுத்தமாக்க அது போதும்.

தாதுத்தூள் மட்டும் அந்த ஆலைக்குள் போகாது. செம்பு உருக்காலை லாபத்தில் ஓட வேண்டும் என்றால், புல்யான்ஹுலுவும் புஸ்வாகியும் சேர்ந்து கொடுத்ததைப் போலப் பல மடங்கு தூள் ஆண்டுதோறும் வேண்டும், தடையற்ற மின்சாரமும் வேண்டும். உள்நாட்டிலேயே உருக்க வேண்டும் என்று சொல்லித்தான் 2017-இல் தடை போட்டார்கள். 2020-இல் ஒப்பந்தம் ஆனதும் அந்த 277 பெட்டிகளையும் கப்பலேற்ற அனுமதித்தார்கள். புல்யான்ஹுலு மறுபடி முழுவீச்சில் ஓடத் தொடங்கிய பிறகு அதன் கருந்தூள் வழக்கம்போலவே வெளிநாட்டு உருக்காலைகளுக்குப் போகிறது. பெட்டியைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது இப்போது சுரங்க ஆணையத்தின் ஆள். 2017-க்கு முன்னால் தணிக்கை முகமையின் ஆள்.